கையகல நிலமும் கைநிறைய மண்ணும்

மழைக்காலத்தில் வண்டிப்பெரியாற்றுப் பாலத்தின்மீது நின்று நோக்குவோர், செந்நீர் சுழித்தோடக் காண்பர். அந்நிறம் ஆற்றின் நிறமன்று. நம் மலைச்சரிவுகளின் மேல்மண்ணே அவ்வாறு கரைந்து செல்கின்றது. கம்பம், தேனி, நெல்லை முதலிய பகுதிகளினின்று வந்து குடியேறிய நம் குடும்பங்களுக்கு, இது தோட்ட நிர்வாகத்தின் கவலை என்று தோன்றலாம். அவ்வாறன்று. 2000-ஆம் ஆண்டையொட்டிப் பீருமேட்டுத் தாலூகாவில் தேயிலைத் தோட்டங்கள் பல மூடப்பட்டன, கூலியும் நின்றது. கூலி நின்ற வீட்டிற்கு, லயத்தின் பின்புறமுள்ள கையகல நிலம் எத்துணை அருமையானது என்பதை அந்நாளைக் கண்டவர் அறிவர்.

அந்நிலத்தின் இயல்பு யாது? தேயிலை, அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடி. யூரியா, அம்மோனியம் சல்பேட் போன்ற உரங்களைப் பல்லாண்டுகள் இட்டால் அத்தன்மை மேலும் மிகும். அவரையும் கத்தரியும் அதில் செழிப்பதில்லை. மட்கு குறைந்தால் மண்ணில் ஈரம் நில்லாது; மண்புழு தங்காது; பெருமழைக்கு மண்ணே தங்காது.

இதற்கு மருந்து புதியதன்று. 1905-இல் இந்தியாவிற்கு வந்த ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கில அறிஞர், 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணிபுரிந்து, இலைதழையையும் சாணத்தையும் அடுக்கி மட்கச் செய்யும் முறையை வகுத்தார். நம் உழவர்களையே தம் ஆசிரியராக மதித்தவர் அவர். ‘அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு’ என்று வழங்கிய நம் முன்னோர் செய்ததும் இதுவேயன்றோ? நம் அருகிலேயே, 1980-இல் தோன்றிய பீருமேடு வளர்ச்சிக் கழகம், சிறு விவசாயிகளை இயற்கை வேளாண்மையில் ஈடுபடுத்தி, அவர்தம் நறுமணப் பொருள்களை வெளிநாடுகளுக்கும் அனுப்பியுள்ளது.

நிற்க. நாம் செய்யத்தக்கது யாது? மழைநீர் புகாத மேட்டில் ஒரு சாண் உலர்ந்த சருகு, அதன்மேல் பச்சைத்தழையும் சமையற்கழிவும், அதன்மேல் சாணமும் சிறிது மண்ணும் என அடுக்குக. பிழிந்த துணிபோல் ஈரம் இருந்தாற் போதும். இடையிடையே புரட்டிவிட்டால், ஏறக்குறைய மூன்று திங்களில் நல்ல எரு கிட்டும். பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்துச் சருகால் மூடுக. ஓய்ந்த பாத்தியில் தட்டைப்பயறு விதைத்தால், அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணிற் சேர்க்கும். அடுப்புச் சாம்பலை அளவோடு தூவினால் அமிலத்தன்மை தணியும். ஒன்று மட்டும் மறவற்க: அண்மையில் மருந்து தெளித்த ஏலக்காட்டுச் சருகை எருக்குழிக்குக் கொண்டுவரல் ஆகாது.

சுவை மண்ணால் மட்டும் வருவதன்று. விதையும், பறிக்கும் பருவமும் அதற்குக் காரணமாம். எனினும், நல்ல மண்ணில் விளைந்து, காலையில் பறித்து, நண்பகலில் குழம்பாகும் அவரைக்காயின் சுவை, சந்தையில் மூன்று நாள் வாடிய காய்க்கு வருமோ?

நிலம் நம் பெயரில் இல்லாதிருக்கலாம். ஆயினும் அதில் விளைவதை உண்போர் நம் மக்களே. ஆதலின், அடுத்த மழைக்கு முன்பே ஒவ்வொரு லயத்திலும் ஓர் எருக்குவியலேனும் எழுக!