ஒன்றாம் வகுப்பு எடுக்க முதுகலைப் பட்டமா?

52-இல் 37 போனால் மீதி எவ்வளவு? ஒரு பிள்ளை 25 என்று எழுதுகிறது. சிவப்பு மையில் தப்பு போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுக்க யாராலும் முடியும். ஆனால் அந்த 25 எங்கிருந்து வந்தது?

2-இல் 7 போகாது. அதனால் பிள்ளை 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 என்று போட்டிருக்கிறது. பத்தாம் இடத்தில் 5-இல் 3 போக 2. பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்க வேண்டும் என்று தானே ஒரு விதியை வகுத்துக்கொண்டு, அதைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது. 64-இல் 29-ஐக் கழிக்கச் சொன்னால் 45 என்று எழுதும். 58-இல் 23 என்றால் விடை சரியாகவே வந்துவிடும். பிழை வெளியே தெரியாது. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்டு பர்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1978-இல் இத்தகைய பிழைகளைக் கணினி நிரலாகவே எழுதிக் காட்டினார்கள். நாம் கவனக்குறைவு என்று திட்டும் பிழைகளில் பல, தவறான வழியை ஒழுங்காகப் பின்பற்றியதன் விளைவு.

இந்தப் பிள்ளைக்கு இன்னும் இருபது கணக்கு கொடுத்துப் பயனில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக்கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் முன்னால் வைத்து, ஒரு கட்டை அவிழ்க்கச் சொல்ல வேண்டும். இப்போது நாலு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழு எடுக்கலாம். எந்தப் பிழைக்கு எந்தக் கட்டை அவிழ்ப்பது என்ற இந்த அறிவு, கணிதத்தில் பட்டம் பெற்றவரிடம் தானாக இருந்துவிடாது. கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-இல் இதைத் தனி அறிவுத்துறையாகவே பிரித்துக் காட்டினார்.

இதைப் பல்கலைக்கழகப் படிப்பாக்கிய நாடுகளில் ஒன்று பின்லாந்து. அங்கே 1863-இல் உனோ சிக்னேயுஸ் முயற்சியால் யுவாஸ்கூலாவில் முதல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1970-களில் பயிற்சி முழுவதும் பல்கலைக்கழகங்களுக்குப் போனது. 1979-இல் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் முதுகலைப் பட்டம் கட்டாயமானது. இளங்கலை மூன்று ஆண்டு, முதுகலை இரண்டு ஆண்டு. ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை அநேகமாக எல்லாப் பாடங்களையும் ஒரே ஆசிரியர் நடத்துவதால் கணக்கு, மொழி, இசை, கைவினை, விளையாட்டு எல்லாம் படிப்பில் உண்டு. பல்கலைக்கழகமே பயிற்சிப் பள்ளிகளை நடத்துகிறது. அங்கே உண்மையான பிள்ளைகளுக்கு மாணவ ஆசிரியர் பாடம் எடுக்க, அனுபவமுள்ள ஆசிரியர் கவனித்துப் பிறகு அலசுவார். கடைசியில் ஓர் ஆய்வேடு. வகுப்பறையில் கண்டதைச் சந்தேகப்படவும் சோதித்துப் பார்க்கவும் பழக்குவதுதான் அதன் நோக்கம். எனக்கு இந்தப் படிப்பில் மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

அதற்காகப் பட்டத்தில் மந்திரம் இருப்பதாக எண்ண வேண்டாம். பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வின் 2001-இல் வெளியான முதல் முடிவில் வாசிப்பில் முதலிடம் பிடித்த பின்லாந்தின் மதிப்பெண்கள், 2006-க்குப் பிறகு இறங்கி வருகின்றன. முதுகலை விதி மாறவில்லை. அமெரிக்க, சீன ஆசிரியர்களை ஒப்பிட்டுக் கல்வி ஆய்வாளர் லிப்பிங் மா 1999-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியமானது. ஆசிரியர்கள் ஒன்றே முக்காலை அரையால் வகுக்க வேண்டும். அதற்கு ஒரு கதையும் சொல்ல வேண்டும். ஒன்றே முக்கால் கிலோ சர்க்கரையை அரைக் கிலோ பொட்டலமாகப் போட்டால் மூன்றரைப் பொட்டலம், அவ்வளவுதான். பட்டதாரிகளான அமெரிக்க ஆசிரியர்களில் பாதிப் பேருக்கு மேல் விடையே சரியாக வரவில்லை. பலர் அரையால் வகுப்பதை இரண்டாகப் பங்கிடுவதோடு குழப்பிக்கொண்டார்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுப் பயிற்சி மட்டுமே பெற்ற சீன ஆசிரியர்கள் எல்லோரும் சரியாகப் போட்டார்கள். பெரும்பாலோர் கதையும் சொன்னார்கள். எத்தனை ஆண்டு படித்தார்கள் என்பதைவிட எதைப் படித்தார்கள் என்பதே கணக்கு.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. பிளஸ் டூ முடித்து இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயம் பெற்றவர்களுக்குரிய வேலைக்கு, பட்டப் படிப்புக்கு மேல் பி.எட். முடித்தவர்களும் வரலாம் என்று 2018-இல் தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில் அறிவித்தது. பி.எட். உயர்வகுப்புகளுக்கான பயிற்சி, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.