தோட்டத்துத் தாய்மார்க்குப் பிள்ளை வளர்ப்புக் கல்வி

பிள்ளை வளர்ப்பை எவரும் வகுப்பறையிற் கற்பதில்லை. தாயிடத்தும் பாட்டியிடத்தும் கண்டு பழகியே கற்கின்றனர். ஆதலின், பெற்றோர்க்குப் புதிதாக ஒன்றைக் கற்பிக்கப் புகுவோர், அவர் முன்னரே அறிந்திருப்பது யாது என வினவி அறிதல் முதற் கடமையாகும். பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களில் இதனை மறந்து செய்யும் முயற்சி பயன்படாது என்பது எம் கருத்து.

இக்கல்வி இன்றியமையாதது என்பதற்குச் சான்று வேண்டுமாயின், 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வை நோக்குக. ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் வயதிற்கேற்ற உயரம் பெறாதோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியில் 32 பேர். கருவுற்ற நாள்தொட்டு இரண்டு வயது நிறையும் வரையுள்ள காலத்தே ஏற்படும் குறையைப் பின்னர் ஈடுசெய்தல் அரிது. அக்குறை உடலோடு நில்லாது, கற்கும் ஆற்றலையும் தாக்கும். முதலாம் வகுப்பிற் சேரும் பிள்ளையின் கல்வி, அவன் லயத்திற் றவழ்ந்த நாளிலேயே தொடங்கிவிட்டது என்பதை ஆசிரியராகிய நாம் மறத்தலாகாது.

முதலாவது, கற்போர் யாவர் எனத் தெளிதல் வேண்டும். தாய் காலையிற் பெரட்டுக்குச் சென்றால் மாலையில் கொழுந்து நிறுத்த பின்னரே வீடு திரும்புவாள். பகலெல்லாம் பிள்ளையைப் பார்ப்போர் பிள்ளைமடுவத்து ஆயம்மாவும், வீட்டிலிருக்கும் பாட்டியுமே. தாய் மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்ற வீடுகளிற் பாட்டியே தாயாகின்றாள். ஆகவே தாய்மாரை மட்டும் அழைத்து நடத்தும் வகுப்பு பாதி வகுப்பேயாம். தந்தையரையும் அழைத்தல் வேண்டும்.

இரண்டாவது, காலமும் இடமும். வேலை முடிந்து வந்தவளுக்குத் தண்ணீரும் விறகும் அடுப்பும் காத்திருக்கின்றன. அவளை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தல் கொடுமை. பிள்ளைமடுவத்திற் பிள்ளையைப் பெற வரும் வேளையிலோ, பிள்ளைகளை நிறுக்கும் நாளிலோ, கால்மணி நேரத்தில் ஒரு செய்தியைச் சொல்லி முடித்தலே தகும்.

மூன்றாவது, மொழி. பிறமொழியில் எழுதிப் பின்னர் தமிழாக்கிய கையேடுகள் ‘நிறைபோசாக்கு’, ‘குறைநிரப்பு உணவு’ என்று பேசுகின்றன. தோட்டத்தார்க்குச் ‘சத்து’ என்றாலே விளங்கும். ‘சோறு ஊட்டத் தொடங்குதல்’ என்றால் ஐயமே எழாது. ஏட்டுத் தமிழில் எமக்குப் பற்று மிகுதியாயினும், பிள்ளையின் உயிரினும் அது பெரிதன்று.

நான்காவது, வழக்கங்களை அணுகும் முறை. அவற்றை மூவகையாகப் பகுத்தல் நலம். தாலாட்டுப் பாடுதல், மடியிலிருத்திக் கதை சொல்லுதல், விடுகதை போடுதல் ஆகியன நன்மை தருவன. 2018ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் வெளியிட்ட வழிகாட்டி, நலம், ஊட்டம், பாதுகாப்பு, பிள்ளையின் குறிப்பறிந்து பேணல், இளமைக் கற்றல் என ஐந்தினைக் கூறுகின்றது. அவற்றுள் இறுதி இரண்டும் நம் பாட்டியர் தாலாட்டிலேயே உள்ளன. கண்ணேறு கழிக்கக் கன்னத்தில் இடும் பொட்டு, தீங்கற்றது. அதனை நகைத்தல் வேண்டா. சீம்பாலைப் பீச்சி விடுதல், ஆறு மாதம் நிறையுமுன் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தல், அழும் பிள்ளைக்குத் தேத்தண்ணீர் புகட்டுதல் ஆகியன தீயன. தேயிலைச் சாயம் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுப்பது. முதலிரண்டையும் மதித்துப் பேசுவோன் சொல்லையே மூன்றாவதன்கண் மக்கள் செவிமடுப்பர்.

ஐந்தாவது, சொல்லுவதினும் செய்து காட்டுதல் சிறந்தது. ரொட்டியைத் தேத்தண்ணீரில் நனைத்து ஊட்டும் பாட்டியிடம் சத்துக்களின் பெயரை ஒப்பித்துப் பயனில்லை. அவள் அடுப்பிலேயே சோற்றையும் பருப்பையும் குழைய வேகவைத்து, லயத்தின் ஓரத்து முருங்கைக்கீரையையும் ஒரு துளி எண்ணெயையும் சேர்த்துப் பிசைந்து, அவள் கையாலேயே ஊட்டச் செய்க. மறுவாரம் அவளே அயல்வீட்டாருக்கு ஆசிரியை ஆவாள்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. பிள்ளை மெலிவதெல்லாம் தாயின் அறியாமையால் என்று கொள்வது பெரும் பிழை. கூலி போதாமையும், ஓர் அறைக்குள் முழுக் குடும்பமும் ஒடுங்குதலும், தூய நீர் எட்டாமையும் பாடத்தாற் றீர்வன அல்ல. கல்வி அவற்றுக்கு ஈடாகாது. அவற்றைக் கேட்டுப் பெறும் துணிவைத் தரலாம்.

தோட்டங்களில் 1992ஆம் ஆண்டு முதல் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் போன்ற அமைப்புக்கள் பணியாற்றி வருகின்றன. பிள்ளைமடுவங்கள் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக உயர்ந்துள்ளன. ஆயினும் தோட்டத்தாரின் பேச்சையும் நாளையும் உள்ளிருந்து அறிந்தவர்களே இப்பாடங்களை வகுத்தல் வேண்டும். பழைய மாணவர்களுள் பலர் பிள்ளைமடுவத்துத் தொட்டிலில் உறங்கியவர்களே. மருத்துவராயும் ஆசிரியராயும் எழுதுவினைஞராயும் விளங்கும் அவர்கள், பசறையிலோ நமுனுகுலையிலோ அப்புத்தளையிலோ தாம் பிறந்த தோட்டத்திற்கு மாதம் ஒரு மாலைப்பொழுதை அளிப்பாராயின், இவ்விழாவிற்கு அதனினும் சிறந்த காணிக்கை வேறில்லை.