சீபாப் இயந்திரத்தைக் கழற்றி வைப்பதற்கு முன்...

நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோய்க்கென வைத்தியசாலையில் தந்த சீபாப் இயந்திரம், சில வாரங்களிலேயே கட்டிலுக்கு அடியில் போய்விடுவதை இங்கு பிரித்தானியாவில் எங்கள் குடும்பங்கள் பலவற்றில் காண்கிறேன். "மூக்கு அடைக்கிறது டொக்டர்", "வயிறு ஊதுகிறது" எனக் காரணங்கள் பல. இவற்றில் அநேகமானவற்றைச் சரிசெய்யலாம்.

இந்நோயில் நித்திரையின்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. குருதியில் ஒட்சிசன் குறைய, மூளை திடுக்கிட்டு எழுப்புகிறது. ஒரே இரவில் இது பல தடவை நடக்கும். காலையில் தலையிடியும் பகலில் நித்திரைத் தூக்கமும் வரும். உயர் இரத்த அழுத்தத்துடனும் இந்நோய்க்குத் தொடர்புண்டு. 1981 இல் சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் அறிமுகப்படுத்திய இச்சிகிச்சையில், காற்றழுத்தம் அந்தப் பாதையைத் திறந்து வைத்திருக்கிறது. இது மூக்குக்கண்ணாடி போன்றது. போட்டிருக்கும்வரைதான் பலன்.

மூக்கடைப்பும் வாய் வரட்சியும்

வரண்ட காற்றே இதற்கு முக்கிய காரணம். இயந்திரத்துடன் ஈரப்பதமூட்டி இணைக்கலாமா என்று கேளுங்கள். அதற்குக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றி, தினமும் மாற்றுங்கள். குழாயில் நீர் தேங்கினால் ஈரப்பதத்தைச் சற்றுக் குறையுங்கள். படுக்குமுன் உப்புநீர் ஸ்பிறே மூக்கிற்கு உதவும். வாய் திறந்து நித்திரை கொள்பவர்களுக்கு வாயையும் மூடும் முகமூடி பொருத்தமாகலாம்.

முகமூடிக் கசிவும் புண்ணும்

காற்றுக் கசிந்தால் பட்டியை இன்னும் இறுக்குவதே பலரின் வழக்கம். அதனால்தான் மூக்கின்மேல் புண் வருகிறது. படுத்த நிலையில், இயந்திரம் ஓடும்போதே முகமூடியைச் சற்றுத் தூக்கி மீண்டும் அமர்த்துங்கள். இரவில் முகத்தில் எண்ணெயோ கிறீமோ பூசினால் அது வழுக்கும். முகத்தில் படும் மெத்துப் பகுதியைத் தினமும் மென்மையான சவர்க்காரத்தால் கழுவுங்கள். தாடி, மீசை உள்ளவர்களுக்கு மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சிறிய வகை நல்லது. சில முகமூடிகளில் காந்தம் உண்டு. நீங்களோ பக்கத்தில் படுப்பவரோ இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வயிற்றுப் பொருமல்

காற்றை விழுங்குவதால் பொருமலும் ஏவறையும் வரும். இரவு பத்து மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்காதீர்கள். தலைப்பக்கத்தை உயர்த்தி, பக்கவாட்டில் படுத்துப் பாருங்கள். குறையாவிட்டால் நித்திரைச் சிகிச்சைப் பிரிவினர் அழுத்தத்தைத் திருத்தியமைப்பார்கள். நீங்களாக அதை மாற்ற வேண்டாம்.

மூச்சு முட்டும் பயம்

முகத்தை மூடினாலே பதறுபவர்கள் உண்டு. போரைக் கண்ட எங்கள் சமூகத்தில் இது இன்னும் ஆழமானது. "பங்கருக்குள் கிடந்த மாதிரி இருக்குது" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். இது கோழைத்தனமல்ல. வெட்கப்படாமல் சொல்லுங்கள். பகலில் ரீவி பார்க்கும்போது முகமூடியை மட்டும் அணிந்து பழகுங்கள். பிறகு காற்றுடன் சில நிமிடங்கள், அதன்பின் ஒரு குட்டித் தூக்கம். அழுத்தம் மெல்ல மெல்லக் கூடும் வசதி பல இயந்திரங்களில் உண்டு. பழைய நினைவுகள் நித்திரையையே கெடுத்தால், அதற்கும் தனியாகச் சிகிச்சை இருக்கிறது.

வாகனம் ஓட்டுவோருக்கு

இரவு வேலை முடித்து வான், டாக்ஸி ஓட்டுவோர் எங்களில் பலர். மிதமான அல்லது கடுமையான நோயுடன் பகலில் அளவுமீறிய தூக்கமும் இருந்தால், சாரதி அனுமதிப்பத்திரம் வழங்கும் டிவிஎல்ஏக்கு அறிவிப்பது சட்டக் கடமை. அறிகுறிகள் கட்டுப்படும்வரை வாகனம் ஓட்டக் கூடாது. ஒழுங்காகச் சிகிச்சை எடுத்து அறிகுறிகள் கட்டுப்பட்டவர்கள் மீண்டும் ஓட்ட வழியுண்டு. ஆகவே இந்த இயந்திரம் உங்கள் உழைப்பையும் காப்பாற்றுகிறது.

ஓர் இரவுக்குக் குறைந்தது 4 மணித்தியாலமாவது அணிவதைத் தொடக்க இலக்காக வையுங்கள். நித்திரை முழுவதும் அணிவதே சிறந்தது. ஊருக்குப் போகும்போதும் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். ஆறாத புண், அடிக்கடி மூக்கால் இரத்தம், குறையாத பகல் தூக்கம் இருந்தால் உங்கள் குடும்ப வைத்தியரிடமோ நித்திரைச் சிகிச்சைப் பிரிவிலோ சொல்லுங்கள். சொல்லாமல் கழற்றி வைப்பதுதான் ஆபத்து.