டயட்டீஷியனைப் பார்க்கத்தான் வேண்டுமா?

காலை நிகழ்ச்சியில் உணவு என்று வாயைத் திறந்தால் போதும், எங்கள் வாட்ஸ்அப் எண் நிரம்பிவிடும். வெந்தயத் தண்ணீர், பாகற்காய்ச் சாறு, கேழ்வரகுக் கூழ், 'சோற்றை அடியோடு நிறுத்துங்கள்' என்று ஆளுக்கொரு வைத்தியம். இவற்றில் எனக்கு எது என்ற கேள்வி போன மாதம்தான் வந்தது. வேலையிடத்து மருத்துவப் பரிசோதனையில், மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி 5.9 விழுக்காடு.

இன்னும் இனிப்புநீர் வரவில்லை, வாசற்படியில் நிற்கிறது என்று அர்த்தம். டாக்டர் மாத்திரை எழுதவில்லை. "சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டுமானால் ஒரு டயட்டீஷியனைப் பாருங்கள்" என்றார். அந்த 'வேண்டுமானால்' ஒரு வாரம் மண்டையைக் குடைந்தது.

கிள்ளானில் இருக்கும் அம்மாவிடம் சொன்னேன். "சோத்தக் கொறைன்னு சொல்றதுக்கு ஒரு ஆளுக்குக் காசு குடுக்கணுமா? அத நானே சும்மா சொல்லுவேனே!"

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. சுகாதார அமைச்சே 'சுக்கு-சுக்கு-செப்பாரோ' என்று சொல்லித்தருகிறது. (நம் வீட்டுச் சுக்கு இல்லை, மலாயில் கால் பங்கு.) கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். ரத்தப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லாதவர்களுக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம்.

ஆனால் வாழையிலைச் சாப்பாட்டில் காலையும் பாதியையும் எங்கே பிரிப்பது? சாம்பாருக்குக் கொஞ்சம், ரசத்துக்குக் கொஞ்சம், மோருக்குக் கொஞ்சம் என்று ஒவ்வொன்றும் தனியாகச் சோறு கேட்கும். போதாததற்கு என் வேலை நேரம். நாலு மணிக்கு எழுந்து, ஆறு மணிக்கு மைக் முன்னால். பத்து மணிக்கு பெட்டாலிங் ஜெயா மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும். பிறகு தூக்கம். மதியச் சாப்பாடு மாலை நான்குக்கு. எட்டு மணிக்குக் காலை உணவு என்று தொடங்கும் எந்த அட்டவணையும் எனக்குப் பொருந்தாது.

அலட்சியமாக விடவும் முடியவில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். அந்த ஒருவர் எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறார்: அம்மா.

என் யோசனைக்கு முடிவு கட்டியது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்டது. என்னைப் போல வாசற்படியில் நின்ற 531 பேர். வழக்கமான அறிவுரை மட்டும் கேட்டுச் சென்றவர்களில், மூன்று ஆண்டுகளில் 55 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் வந்துவிட்டது. உணவிலும் உடற்பயிற்சியிலும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39.3 விழுக்காடு. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 40.5. சாப்பாடும் நடையும் மாத்திரைக்குச் சளைக்கவில்லை!

நான் கவனித்தது இன்னொன்று. 'சோற்றைக் குறை' போன்ற அறிவுரை முதல் குழுவுக்கும் கிடைத்திருக்கும். இரண்டாம் குழுவிடம் திரும்பத் திரும்பக் கேட்க ஆள் இருந்தது. என்ன சாப்பிட்டாய், எது முடியவில்லை, எதை மாற்றலாம்? அம்மாவால் முதல் வேலையைச் செய்ய முடியும். இரண்டாவதற்குப் படித்த ஆள் வேண்டும்.

யாரிடம் போவது? 'நியூட்ரிஷன் கோச்' என்று போட்டுக்கொண்டு பவுடர் விற்பவர்கள் நம்மிடையே ஏராளம். ஆலோசனை சொன்ன கையோடு டப்பாவை நீட்டினால் எழுந்து வந்துவிடுவேன். 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் 774-ஆவது சட்டப்படி, டயட்டீஷியனாகத் தொழில் செய்ய மலேசிய துணை சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அரசாங்கக் கிளினிக்குகள் சிலவற்றிலும் பெரிய மருத்துவமனைகளிலும் டயட்டீஷியன்கள் இருக்கிறார்கள். டாக்டர் கடிதம் கொடுத்தால் போகலாம். செலவு குறைவு, ஆனால் காத்திருக்க வேண்டிவரும். தனியாரிடம் சீக்கிரம் பார்க்கலாம். எத்தனை வெள்ளி, மறுமுறை வந்தால் எவ்வளவு, காப்புறுதி ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பக் காலச் சர்க்கரை உள்ள பெண்கள், இன்சுலின் போடுபவர்கள் 'வேண்டுமானால்' என்ற சொல்லுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் கடிதம் கேட்டு வாங்குவது நல்லது.

அடுத்த மாதத்துக்கு நாள் வாங்கியிருக்கிறேன். கையில் ரத்தப் பரிசோதனை முடிவும், மூன்று நாள் சாப்பாட்டுக் குறிப்பும். அதில் இரண்டு நாள் வேலை நாள், ஒன்று ஞாயிறு. நேரம், அளவு, தே தாரிக் எத்தனை கிளாஸ், எல்லாம் உள்ளபடி.

விஷயம் தெரிந்ததும் அம்மா, "நானும் வர்றேன்" என்கிறார். பல வருடமாக ராத்திரிச் சோற்றுக்குப் பதில் நாலு சப்பாத்தி சாப்பிடுகிறார். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று அவருக்குக் கேட்க வேண்டுமாம்.