கண்டெடுத்த படச்சுருளும் காணாத சூனியக்காரியும்

மேரிலன்ட் மாநிலத்துக் காடொன்றில் ஆவணப்படம் எடுக்கச் சென்ற மாணவர் மூவர் 1994 ஒக்டோபரில் காணாமற் போயினர். ஓராண்டின் பின் அவர்கள் எடுத்த படச்சுருள்கள் கண்டெடுக்கப்பட்டன. 1999இல் அமெரிக்காவில் வெளியான ‘த பிளேயர் விட்ச் புரொஜெக்ட்’ என்னும் திரைப்படம் இவ்வறிவிப்புடனேயே தொடங்குகின்றது. பின்னர் திரையில் வருவன யாவும் அச்சுருள்களே என்பது பாவனை. இவ்வுத்தி புதியதன்று, 1980இலேயே இத்தாலியப் படமொன்று இதனைக் கையாண்டிருந்தது. ஆயினும் உலகெங்கும் இதனைப் பரப்பியது மேரிலன்ட் காட்டுக் கதையே.

நெறியாளர்களான டானியல் மைரிக்கும் எடுவார்டோ சாஞ்செசும் நடிகர்களுக்கு முழு வசனம் எழுதிக் கொடுக்கவில்லை. 1997 ஒக்டோபரில் எட்டு நாட்கள் மூவரும் காட்டில் அலைந்தனர்; கமராவும் அவர்கள் கையிலேயே இருந்தது. அன்றன்றைய குறிப்புகள் சிறு பெட்டிகளில் வைக்கப்பட்டன. ஒருவர் குறிப்பை மற்றவர் பார்த்தலாகாது. உணவு நாளுக்கு நாள் குறைக்கப்பட்டது. நள்ளிரவில் கூடாரத்துக்கு வெளியே என்ன ஓசை எழும் என்பதை அவர்கள் அறியார். ஆகவே திரையில் தெரியும் களைப்பிலும் எரிச்சலிலும் நடிப்பு எவ்வளவு, உண்மை எவ்வளவு எனப் பிரித்தறிதல் எளிதன்று. சூனியக்காரியோ ஒரு கணமேனும் தோன்றுவதில்லை. கற்குவியல்கள், குச்சிகளைக் கட்டிய உருவங்கள், இறுதியில் பாழ்வீட்டு மூலையில் சுவரை நோக்கி நிற்கும் ஒருவன்: அவ்வளவே. சில பத்தாயிரம் டொலர் செலவில் படம்பிடிக்கப்பட்ட இது ஏறத்தாழ 25 கோடி டொலர் ஈட்டியது.

அடுத்த ஆண்டே வந்த இரண்டாம் படம் படச்சுருள் உத்தியைப் பெரும்பாலும் கைவிட்டமையால் ஒப்பீட்டுக்கு உதவாது. ஒப்பிடத்தக்க வாரிசு, 2016இல் அடம் விங்கார்ட் நெறிப்படுத்திய ‘பிளேயர் விட்ச்’ ஆகும். காணாமற் போன ஹெதரின் தம்பி ஜேம்ஸ், நண்பருடன் அதே காட்டுக்குச் செல்கின்றான். இம்முறை காதில் மாட்டும் சிறு கமராக்கள் உண்டு; வானிற் பறக்கும் ட்ரோன் கமராவும் உண்டு.

குறை இங்கேதான் புகுந்தது. முதற் படத்தில் கமரா வேறு திசை நோக்கினால் பார்ப்பவரும் குருடரே. இங்கோ ஆளுக்கொரு கமரா இருப்பதால், சாதாரணப் படம் போலவே காட்சி பல கோணங்களுக்குத் தாவுகின்றது. நண்பர்களே திடீரெனக் குறுக்கே பாய்ந்து திடுக்கிடச் செய்வது சலிப்பையும் தருகின்றது. நெடிய உருவமொன்று கணப்பொழுது தெரிந்தும் விடுகின்றது. 1999இல் இணையத்தளத்தையும் ‘காணவில்லை’ என்ற சுவரொட்டிகளையும் கண்டு கதையை மெய்யென நம்பியோர் பலர். அந்நம்பிக்கை 2016இல் எவருக்கும் வாய்த்திராது. அது மட்டும் விங்கார்டின் பிழையன்று.

விடியாமலே நீளும் இரவும், லிசா என்னும் பெண் நிலத்தடிச் சுரங்கத்தில் மூச்சுத் திணற ஊர்ந்து செல்லும் பகுதியும் அவருக்கே உரிய வெற்றிகள். சுரங்கக் காட்சியில் ஒரே கமராவும் ஒரே வழியும் மட்டுமே உள்ளன என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் முடிவில் மூலையில் நிற்பதற்கும் இப்படம் விதி வகுத்துவிடுகின்றது: திரும்பிப் பாராதவரை தப்பலாமாம். லிசா கமராவைப் பின்புறம் காட்டி, அதன் திரையைப் பார்த்தபடி பின்னோக்கி நடக்கின்றாள். முதற் படத்தில் அம்மூலைக்கு விளக்கமாக இருந்தது, தொடக்கத்தில் ஊரார் ஒருவர் போகிற போக்கிற் சொன்ன பழைய கொலைக்கதை ஒன்றே.