போனுக்குள் ஒரு பட்டியல்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், இதைக் கொஞ்சம் நிதானமாகத்தான் பேச வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று ஆப்பிள் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. குழந்தைகளைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கி எடுத்த படங்களை வைத்திருப்பவர்களைக் கண்டுபிடிக்க, ஐபோனுக்குள்ளேயே ஒரு சோதனை ஏற்பாடு வரப்போகிறது என்பது சேதி. அந்த மாதிரி ஆட்களைப் பிடிக்கத்தானே, இதில் என்ன தகராறு என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் குறியாக்க அறிஞர்கள், உரிமை அமைப்புகள், அமெரிக்க அரசின் ரகசியக் கண்காணிப்பை அம்பலப்படுத்திய எட்வர்டு ஸ்னோடன் என்று வரிசையாகப் பலர் எதிர்த்தார்கள்.

அவர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்பதற்கு முன், அது எப்படி வேலை செய்யவிருந்தது என்று பார்த்துவிடுவோம். உங்கள் படங்களை யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது திட்டத்தில் இல்லை. நியூரல்ஹாஷ் என்ற மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் ஓர் எண்ணாக மாற்றும். படத்தின் அளவைக் குறைத்தாலும், கறுப்பு வெள்ளையாக்கினாலும் அந்த எண் மாறாது. காணாமல் போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்க தேசிய மையம், ஏற்கெனவே சிக்கிய படங்களுக்கு இப்படிப்பட்ட எண்களின் பட்டியலை வைத்திருக்கிறது. அந்தப் பட்டியல் யாரும் படிக்க முடியாத வடிவில் போனுக்குள் வந்து உட்காரும். ஆப்பிளின் இணையச் சேமிப்பகமான ஐகிளவுடுக்குப் போகிற ஒவ்வொரு படத்தோடும் பூட்டிய சீட்டு ஒன்று சேர்ந்து போகும். படம் பட்டியலோடு பொருந்தியதா இல்லையா என்பது போனுக்கே தெரியாது. ஒரே கணக்கில் சுமார் 30 படங்கள் பொருந்தினால்தான் அந்தச் சீட்டுகளைத் திறக்க முடியும். பிறகு ஆப்பிள் ஊழியர் பார்ப்பார், உறுதியானால் மையத்துக்குத் தகவல் போகும். ஐகிளவுடில் படம் சேமிக்காதவருக்குச் சோதனையே கிடையாது.

இதற்குப் பின்னால் இருக்கும் கணிதம் அழகானது, திட்டத்தை எதிர்த்தவர்களில் சிலரும் அதை ஒப்புக்கொண்டார்கள். கூகுளும் ஃபேஸ்புக்கும் ஏற்கெனவே தங்கள் சர்வர்களில் இதே வேலையைச் செய்துவந்தன. இதற்கான மைக்ரோசாஃப்டின் கருவியான ஃபோட்டோடிஎன்ஏ 2009இலேயே வந்துவிட்டது. சர்வரில் உட்கார்ந்து எல்லாருடைய படத்தையும் துழாவுவதைவிட எங்கள் வழி அந்தரங்கத்தைக் காக்கும் என்றது ஆப்பிள்.

அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே, பழைய ஐபோன் மென்பொருளுக்குள் ஒளிந்திருந்த நியூரல்ஹாஷை யாரோ தோண்டியெடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர், ஒரு நாயின் படத்துக்கும் ஒன்றும் புரியாத ஒரு சாம்பல் நிறக் குழப்பத்துக்கும் ஒரே எண் வருவதைக் காட்டினார். அது இறுதி வடிவம் இல்லை, சர்வரில் இரண்டாவது சோதனையும் உண்டு என்று ஆப்பிள் பதில் சொன்னது. பத்திரிகைகள் இதைப் பெரிதாகப் பேசின. எனக்கு இது இரண்டாம்பட்சம்தான். பிழையே செய்யாத கருவியாக இருந்தாலும் அடுத்துச் சொல்லப்போகிற சிக்கல் அப்படியே நிற்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வாட்ச்மேனிடம் யாரையெல்லாம் மடக்க வேண்டும் என்று ஒட்டிய கவரில் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். குடியிருப்பவர்கள் கவரைப் பிரிக்கக் கூடாது. இன்று உள்ளே திருடர்களின் பெயர்தான் இருக்கிறது. நாளை வேறொரு பெயரைச் சேர்த்தால் வாட்ச்மேனுக்கு வித்தியாசம் தெரியாது. நியூரல்ஹாஷும் அப்படித்தான். எண் பொருந்துகிறதா என்று மட்டுமே அதற்குப் பார்க்கத் தெரியும். அது கொடுமையின் படமா, ஓர் அரசுக்குப் பிடிக்காத கார்ட்டூனா என்பது அதற்கு ஒன்றுதான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இதே போன்ற ஓர் அமைப்பை வடிவமைத்துப் பார்த்த ஜொனாதன் மேயரும் அனுனய் குல்ஸ்ரேஷ்டாவும் இந்த ஆபத்தைத்தான் வெளிப்படையாக எழுதினார்கள்.

வெவ்வேறு நாட்டு ஆளுகைக்குட்பட்ட குறைந்தது இரண்டு அமைப்புகளின் பட்டியலில் இருக்கும் எண்ணைத்தான் சேர்ப்போம், எந்த அரசு கேட்டாலும் மறுப்போம் என்று ஆப்பிள் உறுதி கொடுத்தது. அந்த உறுதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2016இல் அமெரிக்காவின் சான் பெர்னார்டினோ துப்பாக்கிச் சூட்டு வழக்கில் எஃப்பிஐ ஒரு ஐபோனைத் திறக்க உதவி கேட்டபோது, அப்படிப்பட்ட கருவி எங்களிடம் இல்லை, புதிதாக உருவாக்கச் சொல்வது ஆபத்து என்று அப்போது ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த டிம் குக்கால் வாதாட முடிந்தது. சோதனைக் கருவி ஒவ்வொரு போனிலும் வந்துவிட்டால் அந்த வாதத்துக்கு இடமில்லை. ‘முடியாது’ என்று சொன்ன இடத்தில் ‘மாட்டோம்’ என்று சொல்ல வேண்டியிருக்கும். ‘மாட்டோம்’ என்பதை ஒரு சட்டத்தால் உடைக்கலாம்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 2020இல் அந்த அமெரிக்க மையத்துக்கு ஃபேஸ்புக்கிலிருந்து போன தகவல்கள் 2 கோடிக்கு மேல். ஆப்பிளிடமிருந்து போனவை 265. தங்கள் குழந்தைப் பருவக் கொடுமையின் படம் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பது தெரிந்தே வாழ்கிறவர்களுக்கு ‘அந்தரங்கம்’ என்ற வாதம் கசக்கத்தான் செய்யும். அந்தக் கோபம் சரியானது. அவர்களுக்கான பதில் இந்தக் கருவி இல்லை என்பதுதான் என் கருத்து.

எதிர்ப்பு வலுத்ததும் செப்டம்பர் 3 அன்று ஆப்பிள் திட்டத்தைத் தள்ளிவைத்தது, 2022 டிசம்பரில் கைவிட்டது. எதிர்த்தவர்கள் சொன்ன காரணத்தையே, ஒன்றைத் தேட ஆரம்பித்தால் எல்லாவற்றையும் தேடச் சொல்வார்கள் என்பதை, 2023இல் ஆப்பிளே ஒரு கடிதத்தில் எழுதியது. விஷயம் அதோடு முடிந்துவிடவில்லை. செய்திகளைச் சோதிக்க நிறுவனங்களுக்கு உத்தரவிட வழிசெய்யும் சட்ட முன்வரைவை ஐரோப்பிய ஆணையம் 2022 மே மாதம் கொண்டுவந்தது, அதன்மேல் வருடக்கணக்காக இழுபறி நடந்தது.

திட்டத்தைக் கைவிட்ட அதே டிசம்பரில் ஆப்பிள் ‘அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்‌ஷன்’ என்ற வசதியை அறிமுகப்படுத்தியது. அதை ஆன் செய்தால் ஐகிளவுடில் இருக்கும் உங்கள் படங்களை ஆப்பிளாலும் திறக்க முடியாது. பிரிட்டனில் அரசின் நெருக்கடியால் 2025 பிப்ரவரியில் இதைப் புதிதாக ஆன் செய்வதை ஆப்பிள் நிறுத்தியது. இந்த வசதி உங்கள் ஐபோன் செட்டிங்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆன் செய்வதற்கு முன், அது கொடுக்கும் ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். பாஸ்வேர்டும் மறந்து அதுவும் தொலைந்தால், ஆப்பிளிடம் போய் நின்றும் பயனில்லை.