இணையதள வாசலிலும் சாய்தளம் வேண்டும்!

– மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் துறை



நம் கல்லூரி வாசலில் ஒரு சாய்தளம் இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருகிறவர் படி ஏறாமல் உள்ளே வருவதற்கு அது வழி. ஆனால் இன்று கல்லூரியைத் தேடி வருகிறவர் முதலில் வந்து நிற்பது அந்த வாசலில் இல்லை, இணையதளத்தில்தான். சேர்க்கை அறிவிப்பு, கட்டண விவரம், தேர்வுத் தேதி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அந்த வாசலில் சாய்தளம் இருக்கிறதா? நான் ஒரு தவறு செய்த பிறகுதான் இந்தக் கேள்வியே எனக்கு வந்தது.

நான் செய்த தவறு

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் நம் கல்லூரியில் இலவசக் கணினிப் பயிற்சி நடந்தது. அதன் அறிவிப்பை இணையதளத்தில் ஏற்றும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எங்க வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். இப்படி ஒரு பொறுப்பு கிடைத்ததே பெருமையாக இருந்தது. முத்திரை குத்திய தாளை ஸ்கேன் செய்து, அப்படியே படமாக ஏற்றிவிட்டேன். ஐந்து நிமிட வேலை!

திருவேற்காட்டில் எங்க தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். பிறவியிலேயே பார்வை கிடையாது. பூந்தமல்லியில் உள்ள பார்வைக் குறைபாடுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர். பத்தாம் வகுப்பில் எனக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். பயிற்சியைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு, தன் செல்போனிலேயே நம் இணையதளத்தைத் திறந்து தேடியிருக்கிறார். அறிவிப்பு இருந்த இடத்தில் அவர் காதில் விழுந்தது ‘இமேஜ்’ என்ற ஒரே சொல். இன்னும் அறிவிப்பு வரல போல என்று காத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம், “உங்க காலேஜ்ல அந்த அறிவிப்பு எப்பப்பா போடுவாங்க?” என்று கேட்டார். கடைசித் தேதி முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

எனக்கு வாய் வரவில்லை. மறுநாள்தான், “போட்டதே நான்தாண்ணே” என்று சொன்னேன். அவர் கோபப்படல. “சரி விடு. லேப்டாப்பை எடுத்துட்டு வா. உங்க சைட்டு எனக்கு எப்படிக் கேக்குதுன்னு நீயே பாரு” என்றார்.

காதால் படிப்பது எப்படி?

பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். திரையில் இருக்கும் எழுத்தை அது குரலில் வாசிக்கும். இதில் புகழ் பெற்றது என்.வி.டி.ஏ. 2006-ல் இதைத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன். அவருடன் சேர்ந்து வளர்த்தவர் ஜேம்ஸ் டே. இருவருமே பார்வையற்றவர்கள். விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று இலவசமாகவே கொடுத்தார்கள். தமிழும் வாசிக்கும். ஆண்ட்ராய்டு போனில் ‘டாக்பேக்’ என்ற வசதி இதே வேலையைச் செய்கிறது. நம் பலருடைய பாக்கெட்டிலும் அது இருக்கிறது, நாம்தான் திறந்து பார்த்ததில்லை.

அண்ணன் மவுஸைத் தொடவே இல்லை. ‘எச்’ விசையைத் தட்டினால் அடுத்த தலைப்பு, ‘கே’ தட்டினால் அடுத்த இணைப்பு, ‘எஃப்’ தட்டினால் படிவத்தின் அடுத்த கட்டம். நாம் செய்தித்தாளில் தலைப்புகளை மேய்வது போல அவர் காதாலேயே மேய்கிறார். ஆனால் பக்கத்தைச் செய்தவர் ஒழுங்காகச் செய்திருந்தால்தான் அது நடக்கும்.

நம் பக்கத்தில் கண்ட குறைகள்

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இவற்றில் பாதி என் கையால் ஏற்றியவை.

1. பெயரில்லாத படங்கள்: ஒவ்வொரு படத்துக்கும் ‘ஆல்ட்’ என்று ஒரு விளக்கம் எழுத இடம் உண்டு. ‘மின்னியல் ஆய்வகத்தில் மாணவர்கள்’ என்று மூன்று சொல் எழுதினால் போதும். எழுதாவிட்டால், ‘இமேஜ்’ என்றோ கோப்பின் எண்ணையோ வாசித்துவிட்டு நகர்ந்துவிடும். ஸ்கேன் செய்த சுற்றறிக்கையின் கதியும் இதுதான். நம் கண்ணுக்கு அது எழுத்து. கணினிக்கு அது வெறும் புகைப்படம்.

2. பழைய தமிழ் எழுத்துரு: இதுதான் என்னை அதிகம் திடுக்கிட வைத்தது. தட்டச்சு செய்த ஒரு அறிவிப்பைத் திறந்தோம். ‘தமிழ்’ என்ற சொல் வரவேண்டிய இடத்தில் குரல் ‘ஜே, கே, பி, ஓ’ என்று ஏதோ உளறியது! காரணம், அது பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த முறையில் கணினி சேமித்து வைப்பது ஆங்கில எழுத்துகளை. மேலே போர்த்திய உருவம் மட்டும்தான் தமிழ். கண்ணை ஏமாற்றலாம், காதை ஏமாற்ற முடியாது. யூனிகோடில் அடித்தால் ‘த’ என்பது ‘த’வாகவே சேமிக்கப்படும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. நாம் இன்னும் பழைய கோப்புகளையே திருத்தித் திருத்தி ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

3. ‘இங்கே கிளிக் செய்க’: இணைப்புகளை மட்டும் வரிசையாக வாசிக்கச் சொன்னார் அண்ணன். ‘இங்கே கிளிக் செய்க’ என்று ஒன்பது முறை வந்தது. எதற்குக் கிளிக் செய்வது? ‘தேர்வுக் கட்டண விவரம்’ என்று எழுதியிருந்தால் குழப்பமே இல்லை.

4. வெள்ளையில் மஞ்சள்: பார்வை மங்கியவர்களுக்கு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு முக்கியம். வெள்ளையில் கருப்பு என்றால் அந்த விகிதம் 21-க்கு 1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும் என்கிறது உலகத் தரம். வெள்ளையில் பளிச்சென்ற மஞ்சள் 1.1-ஐக்கூட எட்டாது. நாம் ‘முக்கிய அறிவிப்பு’ என்று அழகுக்காகப் போட்டிருந்தது அந்த மஞ்சளில்தான்!

5. ஓடும் எழுத்து: தானாக ஓடத் தொடங்கி ஐந்து நொடிக்கு மேல் ஓடும் எழுத்தை நிறுத்த ஒரு வழி இருக்க வேண்டும். மெதுவாகப் படிப்பவர் முதல் வரியை முடிப்பதற்குள் அது ஓடிவிடுகிறது. ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னுவது சிலருக்கு வலிப்பையே வரவழைக்கலாம்.

6. பேசும் படங்கள்: ஆண்டு விழாக் காணொளியில் முதல்வர் ஐயாவின் உரை இருக்கிறது. காது கேளாதவர் அதை எப்படி அறிவார்? கீழே எழுத்து ஓட வேண்டும்.

பார்வையற்றவர்களுக்கு மட்டுமா?

இல்லை. எங்க அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஸ் மிஷின் ஓட்டியவர். வலது கையில் இரண்டு விரல்கள் மிஷினில் போய்விட்டன. அவரை மாற்றுத்திறனாளி என்று நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. என் கட்டணத்தைத் தானே கட்ட வேண்டும் என்று போனை வாங்கினார். பொத்தான்கள் நெருக்கி நெருக்கி இருந்தன. மூன்று முறை ‘ரத்து’ என்பதில் கை பட்டது. நான்காம் முறை நேரம் முடிந்துவிட்டது என்று பக்கம் மூடிக்கொண்டது. “நீயே கட்டிடு” என்று போனை நீட்டினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது, இதற்கும் விதி இருக்கிறது. தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிலும் போதிய இடைவெளி வேண்டும். நேரக் கெடு வைத்தால் நீட்டிக்க வழி வேண்டும். இவையெல்லாம் ‘டபிள்யூ.சி.ஏ.ஜி.’ என்ற உலகத் தரத்தில் உள்ளவை. 1999-ல் முதல் பதிப்பு வந்தது. 2.2 என்ற பதிப்பு 2023-ல் வந்தது. அதன் அடிப்படை நான்கே சொற்களில் அடங்கும்: உணர முடிய வேண்டும், இயக்க முடிய வேண்டும், புரிய வேண்டும், எந்தக் கருவியிலும் நிலைத்து நிற்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் பேர். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொன்னதும் அந்தச் சட்டம்தான். இடம் ஒதுக்கிவிட்டு, விண்ணப்பத்தைப் படிக்க முடியாத படமாக வைத்தால் அந்த ஒதுக்கீட்டால் யாருக்கு லாபம்?

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் அறிவுரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பில், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. ஆகவே இது நாம் இரக்கப்பட்டுச் செய்யும் தர்மம் அல்ல. அவர்களுக்குச் சேர வேண்டியது.

நாங்கள் செய்தது

துறைத் தலைவர் ஐயாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “சரி, திருத்து” என்று அனுமதி கொடுத்தார். நானும் இரண்டு நண்பர்களும் மூன்று சாயங்காலம் உட்கார்ந்தோம். படங்களுக்கு விளக்கம் எழுதினோம். அறிவிப்புகளை யூனிகோடில் திரும்ப அடித்தோம். தலைப்புகளை எழுத்துப் பெரிதாக்கிக் காட்டாமல், தலைப்புக்கான குறியீட்டிலேயே போட்டோம். மஞ்சளை எடுத்துவிட்டோம். ஒரு ரூபாய் செலவில்லை. அண்ணன் கேட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் ஏழு குறை சொன்னார்!

எல்லாம் முடிந்துவிடவில்லை. காணொளிக்கு எழுத்து இன்னும் போடவில்லை. கட்டணப் பக்கம் எங்கள் கையில் இல்லாததால் அதைத் தொட முடியவில்லை. அது மாறும் வரை அப்பாவுக்கு நான்தான் கட்டிக் கொடுக்க வேண்டும்.

இந்த ஆண்டுப் பயிற்சி அறிவிப்பு ஏறிய அன்று ராத்திரி பத்து மணிக்கு அண்ணனிடமிருந்து போன். “அப்ளிகேஷன் போட்டுட்டேன்பா. யாரையும் கேக்கல, நானே போட்டேன்” என்றார். எனக்கு வந்த தேர்வு முடிவுகூட அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் கடைக்கோ கம்பெனிக்கோ அரசு அலுவலகத்துக்கோ இணையதளம் செய்யப்போகிறோம். முடித்ததும் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, ‘டேப்’ விசையால் மட்டும் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். போனில் டாக்பேக்கைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எங்கே நீங்கள் தடுக்கி விழுகிறீர்களோ, அங்கேதான் ஒருவர் கடைசித் தேதியைத் தவற விடுகிறார். அந்த இடத்தில் ஒரு சாய்தளம் போடுங்கள். அதற்கு சிமெண்டும் வேண்டாம், செங்கல்லும் வேண்டாம். கொஞ்சம் அக்கறை இருந்தால் போதும்!